கம்பெனி வண்டியும் பட்டறை வண்டியும்

ஜீப்பு வச்சிருக்கிறவங்க ரெண்டு பேர் சேர்ந்தா இந்தப் பேச்சு வராமல் இருக்காது. கம்பெனியே எல்லாத்தையும் மாட்டிக் கொடுத்த வண்டி ஒசத்தியா, பட்டறையில் விட்டு மாத்திக் கட்டினது ஒசத்தியா? கம்பத்து டீக்கடைகளில் இதைக் கேட்டே வளர்ந்தவன் நான். எங்க அம்மா முப்பது வருசம் ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டு வேலைக்குப் போனவள். அந்த உரிமையில் நானும் பேசலாம்.

அமெரிக்கப் பட்டாளத்துக்குச் செய்த வில்லிஸ் ஜீப்பை 1947-இல் மகிந்திரா இங்கே கொண்டுவந்தது. அந்த வழியில் வந்ததுதான் எங்க பக்கத்துக் கமாண்டர். கம்பெனி கொடுத்தபடியே அது மலையேறி நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங்கில் ரெண்டு பட்டை கூடச் சொருகணும். பின்னால் நின்னுக்கிட்டுப் போக இரும்புப் படி, பிடிச்சுக்க பைப்பு, மேலே கேரியர். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பொம்பளைங்க. ஆள் கூடினால்தான் டிரிப்பு கட்டுபடியாகும் என்பார் ஓனர்.

அந்தப் படியைப் பத்த வைத்தவன் என் மாமா மகன். கறுப்புக் கண்ணாடிகூட வாங்கித் தராத பட்டறை. ராத்திரி கண்ணு எரிஞ்சு கத்துவான், உருளைக்கிழங்கை வெட்டி வச்சுக் கட்டிவிடுவோம். வண்டி முழுக்க அவன் கைவேலை. முன்கண்ணாடியில் மட்டும் ஓனரோட சாதிப்பேரு பெரிய எழுத்தில்.

2010-இல் தார் வந்தது, 2020-இல் புதுத் தார். நாலு சக்கரமும் இழுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுத்தும்போது மறு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டி இழுக்கிற டிஃபரன்ஷியல் லாக்கும் கம்பெனியே தருகிறது. வாங்கினவருக்கு அதுவும் போதவில்லை. பெரிய டயர், புது பம்பர் மாட்டிக்கொண்டு சனி ஞாயிறு சேறு தேடி வருகிறார். அவருக்குச் சேறு விளையாட்டு. எங்க அம்மாவுக்கு இறங்கித் தள்ளணும், நேரங்கழிச்சுப் போனா கங்காணிகிட்ட ஏச்சு வாங்கணும்.

கம்பெனி குறித்துக் கொடுத்த அமைப்பை மாற்றிக் கட்டக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளத்திலிருந்து போன வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. தீர்ப்பு சரியென்றே சொல்வேன். பட்டை சொருகினால் ஸ்பிரிங் பாரம் தாங்கும், பிரேக் தாங்குமா? மேலே கேரியரில் மூட்டை ஏற ஏற வளைவில் வண்டி சாயத்தான் பார்க்கும். ஆனால் வண்டி கவிழ்ந்தால், மாற்றிக் கட்டினதையும் ஆள் கூடினதையும் பிடித்துக்கொண்டுதான் காப்பீட்டுக் கம்பெனி வாதாடும். படியில் நின்னு போனவளுக்கு அந்தப் படியை வைக்கச் சொன்னது யாருன்னு அங்கே எவனும் கேட்கமாட்டான். தோட்ட முதலாளி பேர் வழக்குக் கட்டில் வருமாங்கிறதே சந்தேகம்.

போன வருசம் எங்க தெருமுனையில் ஒரு புதுத் தார் நின்றது. அம்மா அதைச் சுத்திச் சுத்திப் பார்த்தாள்.

"இதுல எத்தன பேருடா ஏறலாம்?"

"நாலு பேரும்மா."

"நாலு பேருக்கு எதுக்குடா இம்புட்டுப் பெரிய டயரு?"