ஐந்து மைதானங்களும் ஒரு சிறிய தேசமும்

உலகின் பெரிய விளையாட்டு விழாக்கள் சிறிய நாடுகளின் வாசலுக்கு வருவதில்லை. ஒலிம்பிக் போட்டிகளையும் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தையும் நடத்துவதற்கு வேண்டிய பணபலமும் ஹோட்டல்களும் விமான நிலையங்களும் பெரிய நாடுகளிடமே இருக்கின்றன. சிறிய நாடுகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஆடுகின்ற இளையோர் சுற்றுப்போட்டிகளே. அவற்றைப் பற்றிய செய்திகளுக்குப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் கூட ஒரு மூலையில்தான் இடம் கிடைக்கும். ஆனால், அத்தகைய ஒரு போட்டியை நடத்துகின்ற சிறிய நாட்டைப் பொறுத்தவரை அது ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை வருகின்ற காரியம். அது முடிந்த பிறகு அந்த நாட்டு மக்களிடம் எஞ்சுவது என்ன என்ற கேள்வி நீண்டகாலமாகவே எனக்கு ஆர்வத்தைத் தந்து வந்திருக்கிறது. அதற்குப் பொருத்தமான உதாரணமாக நான் கருதுவது ட்ரினிடாட் அன்ட் டொபாகோ.

பிரையன் லாராவின் நாடு என்றால் எமது வாசகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். வெனிசுவேலாவின் கரைக்கு அருகில், கரிபியன் கடலின் தென்கோடியில் இருக்கும் அந்த இரட்டைத் தீவுகளின் மொத்தப் பரப்பளவு சுமார் 5,130 சதுர கிலோமீற்றர்தான். இலங்கையின் பதின்மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லலாம். சனத்தொகை 13 இலட்சத்தை ஒட்டியது. ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களும் 1845 தொடக்கம் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்களும் அங்கு ஏறத்தாழ சம அளவில் வாழ்கிறார்கள். அந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலானோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறிய ஒரு சிறு தொகையினரில் தமிழர்களும் இருந்தனர்.

கிரிக்கெட் அந்த மக்களின் பெருமை என்றால், உதைபந்தாட்டம் அவர்களது ஏக்கம். 1989 நவம்பர் 19ஆம் திகதி போர்ட் ஒப் ஸ்பெயினின் தேசிய மைதானத்தில் அமெரிக்காவுக்கு எதிராக நடைபெற்ற தகுதிகாண் போட்டியை வெற்றி தோல்வியின்றி முடித்தாலே போதும், 1990 இத்தாலி உலகக் கிண்ணப் போட்டிகளுக்குச் சென்றுவிடலாம் என்ற நிலை. மறுநாள் பொது விடுமுறை என்று அரசாங்கம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. சிவப்பு ஆடையணிந்த மக்களால் மைதானம் நிரம்பி வழிந்தது. ஆனால், போல் கலிஜியூரி என்ற அமெரிக்க வீரர் வெகு தூரத்தில் இருந்து அடித்த ஒரே ஒரு கோல் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அன்றைய தினம் அந்த மைதானத்தில் கலவரம் எதுவும் நிகழவில்லை. தோல்வியை ஏற்றுக்கொண்ட விதத்துக்காக அந்த ரசிகர்களுக்கே பீபா அவ்வருடத்துக்கான நேர்மையான ஆட்டத்துக்குரிய விருதை வழங்கியது. தோற்ற அணியின் ரசிகர்களுக்கு விருது கிடைப்பது அபூர்வம்.

பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, 2001 செப்டெம்பரில், 17 வயதுக்குட்பட்டோருக்கான உலக உதைபந்தாட்ட சுற்றுப்போட்டியை நடத்தும் வாய்ப்பு அந்த நாட்டுக்குக் கிடைத்தது. 16 அணிகள், 32 ஆட்டங்கள். தலைநகரில் இருந்த பழைய மைதானம் போதாது என்பதால் மேலும் நான்கு மைதானங்கள் புதிதாகக் கட்டப்பட்டன.

அந்த மைதானங்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள்தான் முதலில் எனது கவனத்தை ஈர்த்தன. தலைநகரில் இருப்பது ஹேஸ்லி குரோஃபர்ட் மைதானம். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தில் வென்று நாட்டுக்கு முதலாவது ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். மரபெல்லாவில் இருப்பது மனி ராம்ஜோன் மைதானம். 1946ஆம் ஆண்டில் கொலம்பியாவில் நடைபெற்ற மத்திய அமெரிக்க, கரிபியன் விளையாட்டு விழாவில் 5,000 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற இந்திய வம்சாவளி வீரரின் பெயர் அது. மலபாரில் உள்ள மைதானத்துக்கு மேற்கிந்தியத் தீவுகளுக்காக 60 டெஸ்ட் போட்டிகளில் ஆடிய லரி கோம்ஸின் பெயர். கூவாவில் இருப்பதற்கு நான்கு ஒலிம்பிக் பதக்கங்களை வென்ற அற்றோ போல்டனின் பெயர். டொபாகோ தீவில் இருப்பதற்கு, அத்தீவின் மைந்தனும் 1999இல் மூன்று கிண்ணங்களை வென்ற மான்செஸ்டர் யுனைட்டெட் அணியின் முன்கள வீரருமான ட்வைட் யோர்க்கின் பெயர். போல்டனும் யோர்க்கும் அப்போது இன்னமும் களத்தில் இருந்தவர்கள். பதவியில் இருக்கும் அரசியல் தலைவரின் பெயரை மைதானத்துக்குச் சூட்டும் வழக்கமுள்ள ஒரு நாட்டில் இருந்து பார்க்கும்போது இது சாதாரணமான விடயமாகத் தெரியவில்லை.

சுற்றுப்போட்டி ஆரம்பமானது செப்டெம்பர் 13ஆம் திகதி. அதற்கு இரு தினங்கள் முன்னர்தான் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அந்த நாட்களில் எமது ஆசிரிய பீடத்துக்கு வந்து குவிந்த செய்திகள் எல்லாம் அந்த இடிபாடுகளைப் பற்றியவை. போர்ட் ஒப் ஸ்பெயினில் இருந்து வந்த சில வரிச் செய்திகள் உள்பக்கம் ஒன்றின் அடியில் இடம்பிடித்தன. வானத்தில் விமானம் தெரிந்தாலே உலகம் நடுங்கிய அந்த வாரத்தில், பல கண்டங்களில் இருந்து வந்திருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சிறிய நாடு குறித்த தினத்தில் போட்டியை ஆரம்பித்தது. இதன் அருமை இலங்கையர்களுக்கு விளங்கும். மத்திய வங்கிக் குண்டுவெடிப்பை அடுத்து 1996 உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டிக்காக அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்ததை நாம் மறந்துவிடவில்லை. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையமே தாக்குதலுக்கு உள்ளானது. உலகத்தின் பிள்ளைகளை விளையாட வாருங்கள் என்று அழைக்கக்கூடிய நிலையில் அன்று நாம் இருக்கவில்லை.

செப்டெம்பர் 30ஆம் திகதி நடைபெற்ற இறுதிப் போட்டியில் பிரான்ஸ் 3 - 0 என்ற கோல் கணக்கில் நைஜீரியாவைத் தோற்கடித்தது. அந்தச் சுற்றுப்போட்டியில் ஆர்ஜென்டீனாவுக்காக கார்லோஸ் டெவெஸும் ஜேவியர் மஷெரானோவும் ஸ்பெயினுக்காக பெர்னாண்டோ டொரெஸும் அந்ரேஸ் இனியெஸ்டாவும் ஆடினார்கள். பின்னாளில் உலகமே பார்த்து வியந்த வீரர்களை கூவாவிலும் மலபாரிலும் வாழும் சாதாரண மக்கள் பதின்ம வயதிலேயே பார்த்துவிட்டார்கள். விருந்தினரை உபசரித்த நாட்டின் அணியோ முதல் சுற்றுடன் வெளியேறியது.

அப்படியானால் செலவழித்த பொதுப்பணம் வீணா? இந்தக் கேள்விக்கு விடை சொல்வது சுலபமல்ல. அந்தப் போட்டியை நாட்டுக்குக் கொண்டுவந்த காலத்தில் அங்கு உதைபந்தாட்டம் என்றாலே ஜாக் வோர்னர்தான். வட, மத்திய அமெரிக்க மற்றும் கரிபியன் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராக 1990 முதல் இருந்தவர், பீபாவின் உபதலைவர். 2011இல் அவர் தனது பதவிகளைத் துறந்தார். 2015இல் அமெரிக்க நீதித்துறை அவர் மீது ஊழல் குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. அவர் அவற்றை மறுத்தார். அதே வருடம் பீபாவின் ஒழுக்கக்கோவைக் குழு அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. விளையாட்டை நேசிக்கும் மக்களின் அந்த நேசமே அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மூலதனமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடவும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

ஆனாலும், கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2005 நவம்பரில் பஹ்ரேனின் மனாமா நகரில் டெனிஸ் லோரன்ஸ் தலையால் அடித்த கோலின் மூலம் அந்த நாடு முதற்தடவையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அதுவரை தகுதி பெற்ற நாடுகளில் சனத்தொகையில் மிகச் சிறியது அதுவே. 2006 ஜூன் 10 டோர்ட்முண்டில் பத்து வீரர்களுடன் ஆடி சுவீடனை கோலடிக்கவிடாமல் தடுத்தது. 1989இல் தோற்ற அணியில் இளைஞராக ஆடிய யோர்க் அணித்தலைவராகவும் அன்றைய சகா ரஸல் லட்டாபி 37 வயதிலும் ஜேர்மனிக்குச் சென்றிருந்தனர். நாடு கொண்டாடியது. ஆனால், தமக்குரிய கொடுப்பனவுகளைப் பெறுவதற்கு அந்த வீரர்கள் தமது சங்கத்துக்கு எதிராகவே வருடக்கணக்கில் சட்டப்போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

2010 செப்டெம்பரில் அதே ஐந்து மைதானங்களிலும் 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணப் போட்டிகள் நடைபெற்றன. இறுதியாட்டத்தில் ஜப்பானைப் பெனால்டி உதைகளில் வென்ற தென்கொரியாவுக்கு அதுவே பீபாவின் முதலாவது கிண்ணம்.

பிறகு 2017 ஒக்டோபர் 10. பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட கூவா மைதானம். மழையால் ஊறிய தரை. மைதானத்தில் இருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். ட்ரினிடாட் ஏற்கெனவே வாய்ப்பை இழந்து கடைசி இடத்தில் இருந்தது. இந்தத் தடவை வெற்றி தோல்வியின்றி முடித்தாலே போதும் என்று வந்தது அமெரிக்கா. 2 - 1 என்று ட்ரினிடாட் வென்றது. 1986ஆம் ஆண்டுக்குப் பிறகு முதற்தடவையாக அமெரிக்கா இல்லாமல் உலகக் கிண்ணம் நடைபெற்றது. 28 வருடங்களாக ஒரு நாடு மனதில் வைத்திருந்த கணக்கு தலைநகரின் பெரிய மைதானத்தில் அல்ல, அந்தச் சிறிய மைதானத்தில்தான் தீர்க்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அங்கேயே உண்டு. 2007 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டை முன்னிட்டு தரோபாவில் கட்டத் தொடங்கிய பிரையன் லாரா மைதானம் அந்தப் போட்டிகளுக்குத் தயாராகவில்லை. கட்டுமானம் வருடக்கணக்கில் இழுபட்டு 2017இல்தான் அது திறந்துவைக்கப்பட்டது. பிள்ளைகளின் போட்டிக்கு நான்கு மைதானங்களை உரிய காலத்தில் கட்டிமுடித்த நாடு, பெரியவர்களின் போட்டிக்கு ஒன்றைக் கட்டிமுடிக்க முடியாமல் திணறியது. சிறிய நாடு தனது கைக்கு எட்டிய அளவில் ஒன்றை எடுத்துச் செய்யும்போது அது நிறைவேறுகிறது என்பதே எனது அபிப்பிராயம்.

நிருவாகச் சீர்கேடுகள் நின்றுவிட்டன என்று சொல்வதற்கில்லை. 2020இல் ட்ரினிடாட் சங்கத்தை பீபா இரு மாதங்கள் இடைநிறுத்தியது. 2023 ஜனவரியில் இலங்கைக்கும் அதே கதி நேர்ந்து ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. சிறிய நாடுகளின் விளையாட்டுச் சங்கங்கள் சிலரின் குடும்பச் சொத்துகளைப் போன்று மாறிவிடுவது ஒரு கடலுக்கு மட்டும் உரித்தான நோய் அல்ல.

2025 நவம்பரில் சுமார் ஒன்றரை இலட்சம் மக்களைக் கொண்ட கரிபியன் தீவான குராசாவோ உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 2006இல் ட்ரினிடாட் ஏற்படுத்தி, 2018இல் ஐஸ்லாந்து தனதாக்கிக்கொண்ட மிகச் சிறிய நாடு என்ற சாதனை இப்போது அந்தத் தீவுக்குரியது. அதே பிரிவில் ஆடி வாய்ப்பை இழந்த அணிகளில் ஒன்று ட்ரினிடாட். அதன் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ட்வைட் யோர்க். மீண்டும் ஒரு ஏமாற்றம். அந்த மக்களுக்கு அது புதியதல்ல.

சம்மேளனத் தலைவர்கள் வருவார்கள், போவார்கள். சிலர் நீதிமன்றங்களுக்கும் போவார்கள். ஆனால், மைதானங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஓடியவர்களினதும் ஆடியவர்களினதும் பெயர்களைத் தாங்கியவாறு. மரபெல்லாவில் ஒரு பாடசாலைப் பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழையும்போது வாசலில் வாசிப்பது மனி ராம்ஜோனின் பெயரையே தவிர, அதைத் திறந்துவைத்த அமைச்சரின் பெயரை அல்ல. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவுதான்.