பத்துப் பாகம் ஆழத்தில்

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரை. வள்ளத்திலிருந்து இறக்கிய சாக்கை ஒருவர் மணலில் கவிழ்த்தார். நான் நினைத்திருந்த வெண்மை எதிலும் இல்லை. எல்லாச் சங்குகளும் பழுப்புத் தோல் போர்த்திக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். உள்ளே இருந்த உயிர் சுருங்கி, நகம்போல் தடித்த மூடியால் வாயை அடைத்துக்கொண்டது. மேல்தோலைச் சுரண்டிய பிறகுதான் பூசையறையில் நாம் பார்க்கும் வெள்ளை தெரியும்.

சங்குகுளிப்பவர்கள் மன்னார் வளைகுடாவின் அடியிலுள்ள பாறைத் திட்டைப் 'பார்' என்கிறார்கள். முத்துச்சிப்பி பாரில் ஒட்டி வளரும். சங்கு மணலில் புதைந்து, புழுக்களைத் தின்று வாழும். அதனால் பார்களுக்கு இடையே மணல் எங்கே விரிந்திருக்கிறது என்பதை அறிந்தவரே நல்ல தொழிலாளி. சங்கு ஊர்ந்த தடம் மணலில் கோடாகக் கிடக்கும். கோடு முடியும் இடத்தில் கை வைக்க வேண்டும். தண்ணீர் கலங்கினால் தடம் தெரியாது. அன்றைக்குத் தொழில் இல்லை.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்குகுளிப்பு மட்டும் தொடர்கிறது. பக்கத்திலுள்ள கொற்கையின் அகழாய்வில் அறுத்த சங்குகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு பழைய தொழில் இது. இங்கிருந்து போகும் சங்கு வங்காளத்தில் அறுபட்டு, மணமான பெண்களின் கையில் வளையலாகிறது.

முன்னோர் கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினார்கள். இப்போது சிலர் முதுகில் சிலிண்டரோடு குதிக்கிறார்கள். சிலருக்கு வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்று வருகிறது. ஆபத்து அந்தக் குழாயில்தான் கூடுதல். சிலிண்டர் தீர்ந்தால் மேலே வந்தே ஆக வேண்டும். குழாயில் காற்று தீராது. சங்கு கண்ணில் படப்பட, இருக்கும் நேரமும் நீண்டுகொண்டே போகும்.

பத்துப் பாகம் என்றால் சுமார் 18 மீட்டர். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். நிதானமாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினால் கோலி சோடாவை உடைத்ததுபோல் உடலுக்குள்ளேயே குமிழியாகப் பொங்கும்.

மூட்டுவலியில் தொடங்கி, கைகால் விழுந்துபோவது வரை கொண்டுபோகும் நோய் அது. உயிரையும் பறிக்கும்.

ஆக்சிஜன் கொடுப்பது முதலுதவி. அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துச் சிறுகச் சிறுக அதைக் குறைப்பதே உரிய சிகிச்சை. அந்த அறை எல்லா ஊர் மருத்துவமனையிலும் இருப்பதில்லை. ஆனால் நோய் வராமல் காப்பதற்குப் பெரிய செலவில்லை: ஆழம் காட்டும் கருவி ஒன்று, நேரம் பார்க்கக் கடிகாரம் ஒன்று, ஏறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிட நிறுத்தம். பொழுதுபோக்குக்காக ஸ்கூபா கற்க வருபவருக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. பிழைப்புக்காகத் தினமும் இறங்குபவர்களுக்கும் இந்தப் பயிற்சியையும் கருவிகளையும் அரசு இலவசமாகத் தர வேண்டும்.