செஞ்சி: மலைக்குக் கீழே ஓர் ஆறு

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டை மலைகளான ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறிவிடுகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும் இந்தக் கோட்டைதான். இங்கே ஓடும் சங்கராபரணியைப் பற்றிப் பேச்சே இல்லை.

செஞ்சிக்கு மேற்கேயுள்ள குன்றுகளில் பிறந்து, தென்கிழக்காக ஓடி, புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 80 கிலோமீட்டருக்குள்தான். வராக நதி, செஞ்சி ஆறு என்றும் பெயர்கள் உண்டு. மழையை மட்டுமே நம்பிய ஆறு. கோடையில் மணலும் பாறையும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். ஐப்பசியில் நல்ல மழை பிடித்தால் இரு கரையும் புரண்டு ஓடும்.

அந்த வேகம் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவின் கதையையே முடித்துவைத்தது. 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகர் கானைக் காக்க வைத்த கோட்டை இது. அதை விட்டு வெளியே வந்து, 1714இல் ஆற்காடு நவாபின் பெரும்படையை வெட்டவெளியில் எதிர்கொண்டான் அந்த இளைஞன். ஆற்றில் வெள்ளம். குதிரையை இறக்கிவிட்டான், கூட வந்தவர்கள் கொஞ்சம் பேர், மற்றவர்கள் கரையிலேயே தேங்கிவிட்டார்கள். அவனும் உயிர்நண்பன் மோவுத்துக்காரனும் களத்தில் விழுந்தார்கள். அவன் வீரத்தைத் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் கொண்டாடியது நியாயமே. ஆனால் தோல்வியில் பாதி அந்த வெள்ளத்தின் கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

ஆற்றோடு கீழே போனால், தொண்டியாறு வந்து சேருமிடத்தில் வீடூர் அணை. 1959இல் கட்டி முடித்தது. 32 அடி உயரம். அதன் தண்ணீரில் தமிழகத்தில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் விளைகின்றன. அதற்கும் கிழக்கே திருவக்கரை. வக்கிரகாளியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், கல்லாகிப்போன மரங்கள் தரையில் கிடக்கும். வரிவரியான நார் அப்படியே இருக்கும், தொட்டால் பாறை. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். புதுச்சேரிக்குள் நுழைந்ததும் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரியை நிரப்புவதும் இதே ஆறுதான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் வீடூர் அணை நிரம்ப, திறந்துவிட்ட உபரி நீர் புதுச்சேரி வரை ஆற்றோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. அதன் பிறகாவது, கோட்டையைப் பராமரிக்கக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கு செஞ்சிக்கு மேலேயுள்ள ஓடைகளுக்கும் ஏரி வரத்துக் கால்வாய்களுக்கும் போகவேண்டும். தூர்வாரும் வேலை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.