எத்தனை மட்டம் வரைக்கும் காட்டுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. டியூட் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் அதைப் போட்டோ கொப்பி எடுக்கக் காசு கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறோம்.

நாங்கள் இருவர். ஒருவர் வீடு வெள்ளவத்தை, மற்றவர் வீடு கொட்டாஞ்சேனை. ஓ/எல் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடக் குறிப்புகளை மார்க்டவுனில் எழுதுகிறோம். அது 2004இல் ஜோன் குரூபர் அறிமுகப்படுத்திய எளிய முறை. பெரிய தலைப்புக்கு ஒரு ஹேஷ் குறி, அதற்குள் வரும் பாடத்துக்கு இரண்டு, உபதலைப்புக்கு மூன்று. போனிலும் எழுதலாம், வட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். பிறகு பாண்டொக் என்ற இலவச மென்பொருள் அதை வேர்ட் கோப்பாக மாற்றித் தரும். அதைத் தொடங்கிய ஜோன் மக்ஃபார்லேன் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிப்பிக்கும் பேராசிரியர். அவரும் நம்மைப் போல ஓர் ஆசிரியர்தான்.

போன தவணை 96 பக்கக் குறிப்பு ஒன்று அடித்தோம். பொருளடக்கம் மட்டும் 7 பக்கம்! நாங்கள் பெருமையாக வகுப்பில் கொடுத்தோம். ஒரு பிள்ளை பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற்றுமை எங்க இருக்கு சேர்?" என்று கேட்டது. பொருளடக்கத்தில் இருந்தது, ஆனால் அந்த வரிக் கூட்டத்துக்குள் கண்ணில் படவில்லை.

2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. அதைப் பார்த்த நாங்களே இப்படிப் பக்கத்தை வீணாக்கியது மனதை உறுத்தியது.

அவசரத்தில் ஒரு பிழை செய்தோம். இரண்டு இரவு இருந்து, உபதலைப்புகளின் ஹேஷ் குறிகளை அழித்து, வெறும் தடித்த எழுத்தாக்கினோம். பொருளடக்கம் சுருங்கியது. ஆனால் விடைத்தாள் திருத்தும்போது எங்களுக்கு விரிவான பட்டியல் தேவைப்பட்டது. அது இல்லை. தலைப்பைத் தலைப்பு என்று சொல்லும் குறியையே நாங்கள் அழித்துவிட்டோமே.

எங்கள் கோப்புகளை மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதித் தந்த பழைய மாணவனிடம் சொன்னோம். சிரித்துவிட்டு, "சேர், பாண்டொக்கில டிஓசி-டெப்த் என்று ஒன்று இருக்கு. ஒன்றும் சொல்லாவிட்டால் அது 3 என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டில அதைச் சேர்த்துவிடுறன், நீங்கள் இலக்கத்தைச் சொன்னால் போதும்" என்றான்.

அழித்த குறிகளைத் திரும்பப் போட்டோம். 1 கொடுத்தால் பெரிய தலைப்புகள் மட்டும். 2 கொடுத்தால் பாடங்களும் வரும். 3 கொடுத்தால் உபதலைப்புகளும் வரும். குறிப்புக்குள் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. பிள்ளைகளின் பிரதிக்கு 2, எங்கள் பிரதிக்கு 3 என்று வைத்தோம். 7 பக்கம் 2 ஆனது. 40 பிரதிக்கு 200 பக்கம் மிச்சம், அல்ஹம்துலில்லாஹ்.

சீறாப்புராணத்தை நினைத்துப் பாருங்கள். 3 காண்டம், 92 படலம், 5027 செய்யுள். காண்டத்தோடு நிறுத்தினால் பொருளடக்கம் 3 வரி. படலம் வரை போனால் 95 வரி. செய்யுள் வரை போனால் அதுவே ஒரு தனிப் புத்தகம். படலம் வரைக்கும் போதும் என்று யாரோ தீர்மானிக்க வேண்டும்.

அந்தத் தீர்மானத்தைத்தான் நாங்கள் இயந்திரத்திடம் விட்டிருந்தோம். இவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று காட்டுவதற்கல்ல பொருளடக்கம். தேடும் பிள்ளையின் விரல் சரியான பக்கத்தில் போய் நிற்பதற்கு. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போதும் என்பது படிப்பிக்கிறவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை டியூட் அடிக்க முன், பொருளடக்கத்தை மட்டும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து ஏதாவது ஒரு பாடத்தைத் தேடச் சொல்லுங்கள். தடுமாறினால் இலக்கத்தை ஒன்று குறையுங்கள். அந்த ஸ்கிரிப்ட் தேவையான ஆசிரியர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறோம். பரீட்சை எழுதப் போகும் எங்கள் பிள்ளைகளுக்காக துஆச் செய்யுங்கள்.