அக்காளின் சம்பளம்

போர்டிக்சனுக்கு வருவோர் பெரும்பாலும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். கடற்கரையை விட்டு உள்ளே சில கல் தொலைவு சென்றால், அந்நாளில் இரு மருங்கும் ரப்பர்த் தோட்டங்கள்தாம். அத்தகைய தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர்கள் நானும் என் அக்காளும். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களையெடுத்தாள். எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டுமென்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். அவ்வாறு எழுந்த பள்ளிகள் ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. 1957இல் அக்காள் பட்டணத்துக் கன்னியர் மடத்துப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கினாள். அப்பாவின் கூலியில் அது எவ்வாறு இயன்றது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

1962இல் ஐந்தாம் படிவம் தேறினாள். இனி அவள் ஆசிரியையாவாள், மாதந்தோறும் சம்பளம் வரும், லயத்தை விட்டு வெளியேறலாம் என்று வீடு கணக்குப் போட்டிருந்தது. அவளோ, தேவ அழைத்தல் தனக்கு வந்திருப்பதாகவும், கன்னிகாஸ்திரியாகப் போவதாகவும் சொன்னாள். அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "படிக்க வைத்தது கொடுத்துவிடத்தானா?" என்றார். அதற்கு அவள் மறுமொழி கூறவில்லை.

அவள் போன பிறகு, பதினைந்து வயதில் நான் படிப்பை நிறுத்திவிட்டு ஓராண்டுக் காலம் பால்வாளி தூக்கினேன். பின்னரே கல்வியைத் தொடர்ந்து தமிழாசிரியனானேன். அந்த ஓராண்டை நெடுங்காலம் அவள் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன்.

அவள் சேர்ந்தது குழந்தை இயேசு கன்னியர் சபை. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தோன்றிய அச்சபையினர் 1852இல் பினாங்கிலும், 1854இல் சிங்கப்பூரிலும், 1904இல் சிரம்பானிலும் காலூன்றினர். ஆயினும் பயிற்சிக் காலத்தில் அவள் எனக்கு எழுதிய மடலொன்று வேறொரு சபையினரைப் பற்றியதாக இருந்தது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் பெனடிக்டின் துறவியர், சேர்ந்த மடத்திலேயே நிலைத்திருப்பதாக வாக்களிப்பவர்கள். அவர்களுள் லியோபா என்றொரு பெண்மணி. எட்டாம் நூற்றாண்டில், உறவினரான போனிபாஸ் ஆயர் அழைக்கவே, இங்கிலாந்தின் விம்போர்ன் மடத்தை விட்டுக் கடல் கடந்து ஜெர்மானிய நாட்டிற்குச் சென்று, அங்கே பெண்களுக்குக் கல்வி புகட்டினார். தாம் உறங்கும்போதும் மறைநூலை வாசிக்கச் சொல்வாராம். இளம் கன்னியர் ஓரெழுத்து பிழைத்தாலும் கண் விழியாமலே திருத்துவாராம். பின்னாளில் போனிபாஸ் வேறு நாட்டுக்குப் புறப்பட்டபோது, வந்த நாட்டை விட்டுப் போகாதே என்று லியோபாவிடம் கேட்டுக்கொண்டாராம். 'நிலைத்திருக்க வாக்களித்தவரையும் கடல் கடக்க வைக்கும் அழைப்பு அது' என்று எழுதியிருந்தாள். கடல் கடந்த கதை எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. தாத்தாவும் கடந்தவர்தாம், கங்காணியின் அழைப்பில். கசப்போடு அப்படியே பதில் எழுதினேன்.

1974இல் என் மாணவி ஒருத்தி, மரம் வெட்டுபவரின் மகள், ஆறாம் வகுப்பில் சிறப்பாகத் தேறினாள். அவளுக்கு விடுதியில் இடம் கேட்டு, அக்காள் கற்பித்துவந்த பள்ளிக்குச் சென்றேன். ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். முப்பது வயதில் அவள் மலாய் இலக்கணத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. கட்டணம் யார் கட்டுவது என்று கேட்டேன். கன்னியரின் சம்பளமெல்லாம் பொதுப்பையில் சேரும், அதிலிருந்து கொடுப்போம் என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் கட்டினார்கள், தம்பி. யார் கட்டினார்கள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லையே."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பாடம் சொல்வதுபோலவே சொன்னாள். எனினும் என் மனம் அன்றே முழுதும் தெளிந்துவிட்டதென்று சொன்னால் அது பொய்யாகும். அப்பா லயத்திலேயே இறந்தார் என்பதும் உண்மைதானே.

பின்னர் நான் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றம் கேட்டு நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை அனுப்பவில்லை. அதற்கு அக்காள் காரணமா, சோம்பல் காரணமா என்று என் மனைவி இன்றும் கேட்பாள்.

அக்காளுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மூத்த கன்னியர் தங்கும் இல்லத்தில் இருக்கிறாள், கண்பார்வை குன்றிவிட்டது. மாதம் ஒருமுறை சென்று தமிழில் ஏதேனும் வாசித்துக் காட்டுவேன். சென்ற முறை சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாள் என்றெண்ணி, விரைந்து முடித்துவிடப் பார்த்தேன். பல்செட்டு வைத்தபிறகு எனக்கு ழகரம் சரியாக வருவதில்லை.

"வாளை இல்லை, தம்பி. வாழை," என்றாள், கண்ணைத் திறக்காமலே.