முற்றத்தில் ஒரு வானநூல்

வானநூல் என்றதும் நம்மில் பலருக்குப் பெரிய தொலைநோக்கிகளும் விண்கலங்களுமே நினைவுக்கு வருகின்றன. சவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருப்பது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தை அறிமுகம் செய்துவைக்க ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி ஒன்றே போதும். இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

திருச்சிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். "பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது" என்று அவர்கள் தடுக்காமல் ஒப்பிப்பார்கள். ஒருநாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, பூமி சாய்ஞ்சிருக்குன்னு படிக்கிறோமே, அதை நாம எப்படிப் பார்க்கிறது?"

எத்தனை அருமையான கேள்வி! தேர்வில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அதற்கு விடையாக முற்றத்தில் ஒரு குச்சியை நட்டோம். தூக்குக்குண்டு கட்டிச் செங்குத்தாக நிறுத்தினோம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலைத்தான் பார்க்க வேண்டும் என்பது முதல் விதி. ஒரு நாளில் நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரமே உண்மையான நண்பகல். இந்தியக் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குரியது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால், ஏப்ரலில் எங்கள் ஊர் நண்பகல் 12.15 மணி அளவில்தான் வரும்.

டிசம்பர் 21-ஐ ஒட்டி நண்பகல் நிழல் வடக்கே 68 செ.மீ. நீண்டது. மார்ச் 21-ஐ ஒட்டி 19 செ.மீ. ஆயிற்று. ஏப்ரல் 18 வாக்கில் நிழலே இல்லை! குச்சியின் அடியிலேயே அது ஒளிந்துகொண்டது. ஜூன் மாதத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நிழல் தெற்கே விழுந்திருந்தது, 22 செ.மீ. நீளம். ஆகஸ்டு 24 வாக்கில் மறுபடியும் மறைந்தது. சூரியன் நம் தலைக்கு மேலே வடக்கும் தெற்குமாக ஊசலாடுவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் பூமியின் சாய்வுதான். சாய்வு இல்லையென்றால் ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் ஒரே அளவாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் காணாத என் அம்மா எங்கள் ஆராய்ச்சியைப் பார்த்துச் சிரித்தார். "சித்திரை பொறந்தா நிழல் காலுக்குள்ள போயிடும். ஆவணியில இன்னொரு தடவை போகும். இதுக்கு ஏண்டா குச்சி?" என்றார். களையெடுக்கும் வயலில் தம் நிழலைக் காலடியால் அளந்தே பொழுது கண்டவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அவர் கண்ட காட்சிக்கு என் பாடநூல் காரணம் சொல்லிற்று. எங்களுக்குள் அவ்வளவே வேறுபாடு.

கோடையில் சூரியன் நமக்கு அருகில் வருகிறது என்று பிள்ளைகள் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில், இருப்பது குளிர்ந்த ஜனவரித் தொடக்கத்தில்! ஜூலைத் தொடக்கத்தில் அத்தொலைவு 15.2 கோடி கி.மீ. ஆகிறது. வெயிலின் கடுமையைத் தீர்மானிப்பதில் தொலைவைவிடக் கதிர் விழும் சாய்வுக்கே பங்கு அதிகம்.

சூரியனும் ஒரு விண்மீன்தான். அதன் ஒளி நம்மை அடைய 8 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகிறது. மாசி மாத முன்னிரவில் உச்சிக்குச் சற்றுத் தெற்கே பளீரென்று மின்னும் சிரியஸ் விண்மீனின் ஒளிக்கோ 8.6 ஆண்டுகள் வேண்டும். "நீ இப்போது பார்க்கும் வெளிச்சம் நீ பிறப்பதற்கு முன்பே புறப்பட்டது" என்று எட்டு வயதுப் பையனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் அண்ணாந்தபடியே நின்றான்.

அன்பு நண்பர்களே! 2,200 ஆண்டுகளுக்கு முன்னர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரட்டோஸ்தனிஸ் நிழலைக்கொண்டே பூமியின் சுற்றளவைக் கணித்தார். நாமும் கணிக்கலாம். மார்ச் 21-ஐ ஒட்டி அவரவர் ஊர் நண்பகலில், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் சென்னையில் 23 செ.மீ., கன்னியாகுமரியில் 14 செ.மீ. இருக்கும். கோணங்கள் முறையே 13 பாகையும் 8 பாகையும். வேறுபாடு 5 பாகை. அது முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 555 கி.மீ. அதை 72-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 40,000 கி.மீ. வருகிறது. பூமியின் சுற்றளவு அதுவே!

ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகள் நம் பக்கத்தில் உண்டு. முற்றமும் வெயிலும் இல்லாத பள்ளி எது? வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத குழந்தைக்கும் நிழல் வஞ்சனை செய்வதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஆளுக்கொரு குச்சியை நட்டு, நான்கு பிள்ளைகளைச் சுற்றி நிற்கவையுங்கள். பிறர் சொல்லி நம்பியதைத் தன் கண்ணால் கண்டறிந்த பிள்ளை, நாளை வேறெதையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளாது.