பாஸ்வேர்டு மட்டும் கேக்காதே மச்சி!

பைக் சாவியை ஃப்ரெண்ட் கேட்டா தூக்கிக் கொடுத்துடுவீங்க. ரெக்கார்டு நோட்டைக் கேட்டா திட்டிக்கிட்டே கொடுப்பீங்க. நாளைக்கு வேலைக்குப் போனதும் பக்கத்து ஸீட் சீனியர், ‘தம்பி, உன் பாஸ்வேர்டைக் கொஞ்சம் சொல்லேன்’ என்பார். என்ன செய்வீங்க?

நான் பார்ப்பது இ.ஆர்.பி. ஸாஃப்ட்வேரில் ‘ஆக்சஸ்’ வேலை. கொள்முதல், ஸ்டாக், சம்பளம், கணக்கு என ஒரு கம்பெனியின் மொத்த வேலையையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டுவதுதான் இ.ஆர்.பி. ஐ.பி.எம். வேலையை விட்டு வந்த ஐந்து பேர் 1972-ல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி., இதில் பெரிய தலை. குடோன் ஆள் முதல் எம்.டி. வரை எல்லாருக்கும் ஒரே வாசல். உள்ளே யார் எந்த அறைக்குப் போகலாம்னு பார்த்துக்கறது எங்க டீம்.

ஆளைப் பார்த்து அனுமதி கொடுக்க மாட்டோம், வேலையைப் பார்த்துத்தான். அதுக்குப் பேர் ‘ரோல்’. ஆர்டர் போடுறவருக்கு ஒரு ரோல், பில் பாஸ் பண்றவருக்கு இன்னொண்ணு. எஸ்.ஏ.பி.யில் யூஸரை உருவாக்க எஸ்.யு.01, ரோலை உருவாக்க பி.எஃப்.சி.ஜி. ‘எனக்கு ஓப்பனே ஆகலை’ன்னு யாராவது கத்தினா, எஸ்.யு.53 போட்டுப் பார்க்கச் சொல்வோம். எந்த அனுமதி குறையுதுன்னு காட்டிடும்.

இதில் ஒரு தங்க விதி உண்டு. சப்ளையர் பெயரைப் புதுசா சேர்க்கிறவரும், அவருக்குப் பணம் அனுப்புறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. இருந்தா, இல்லாத கம்பெனியைச் சேர்த்துத் தனக்குத்தானே பணம் போட்டுக்கலாமே! பி.காம். மாணவர்கள் ஆடிட்டிங் பேப்பரில் படிக்கிற ‘இன்டர்னல் செக்’ இதுதான்.

‘அவர் தங்கமான மனுஷன் சார்’ என்பாங்க. இருக்கட்டும். 200 வருஷத்துக்கும் மேல் பழசான பேரிங்ஸ் வங்கி 1995-ல் கவிழ்ந்த கதையைப் பாருங்க. சிங்கப்பூரில் நிக் லீசன்தான் வியாபாரம் செய்தார். அந்தக் கணக்கை முடிக்கிற பிரிவும் அவர் கையில்தான். நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளிச்சுவெச்சார். கடைசியில் போனது சுமார் 82.7 கோடி பவுண்டு. வங்கியே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது!

அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் முதல் கம்பெனியில் (பேர் வேண்டாமே) அக்கவுன்ட்ஸில் ஒரு பையன். நானும் அவனும் ஒரே மேன்ஷன். யாருக்கும் ‘முடியாது’ன்னு சொல்லத் தெரியாது. அவன் பாஸ்வேர்டு அந்த செக்‌ஷனுக்கே மனப்பாடம். அக்கா கல்யாணத்துக்கு அவன் ஊருக்குப் போயிருந்தப்போ, ஒரு சப்ளையரோட பேங்க் அக்கவுன்ட் நம்பர் மாறியிருக்கு. பணம் வேற யாருக்கோ போயிடுச்சு.

ரிப்போர்ட் எடுத்தது நான்தான். ‘மாற்றியவர்’ என்ற இடத்தில் அவன் ஐ.டி. மாத்தினது செக்‌ஷனோட பொது கம்ப்யூட்டரில். கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட் எல்லாம் கொண்டுவந்து காட்டினான். ‘பாஸ்வேர்டைக் கொடுத்தது நீதானே?’ என்று ஒரே கேள்விதான் கேட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். யார் செஞ்சாங்கன்னு கடைசிவரை தெரியலை. வேலை போனது அவனுக்கு. அன்னிக்கு ராத்திரி அவன் பெட்டி கட்டுறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். என்ன சொல்றதுன்னே தெரியலை.

கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாதுங்க. ஐ.டி. மட்டும்தான் தெரியும். இப்போ சட்டமும் இறுகிடுச்சு. 2023 ஏப்ரல் 1 முதல், நம்ம நாட்டுக் கம்பெனிகளின் கணக்கு ஸாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோட பதிவாகணும். அந்தப் பதிவை ஆஃப் செய்யவே முடியக் கூடாது.

அதனால, வேலைக்குப் போனதும் நாலு விஷயம் பண்ணுங்க. டீ குடிக்க எழுந்தாலும் விண்டோஸ் கீயையும் எல்-ஐயும் சேர்த்து அழுத்தி ஸ்க்ரீனை லாக் பண்ணுங்க. லீவு போடும்போது, உங்க வேலையைப் பார்க்கப்போறவருக்குத் தற்காலிக ஆக்சஸ் கேட்டு மெயில் அனுப்புங்க. செக்‌ஷன் மாறினா, பழைய ஆக்சஸை எடுத்துடச் சொல்லி நீங்களே கேளுங்க. தேவையில்லாத அதிகாரம் கெத்து கிடையாது, வம்பு. வேலையை விட்டா, கடைசி நாளே ஐ.டி.யைப் பூட்டச் சொல்லி எழுதி வாங்கிக்கோங்க.

சீனியர் முகம் சுளிப்பாரேன்னு பயமா? ‘அண்ணே, என்ன வேலைன்னு சொல்லுங்க, நானே உட்கார்ந்து முடிச்சுக் கொடுக்கிறேன்’னு சிரிச்சுக்கிட்டே சொல்லிப் பாருங்க. ரெண்டு நாள் பேசாம இருப்பார். மூணாம் நாள் அவரே டீக்குக் கூப்பிடுவார்!